லொகேஷன் அனுப்ப மாட்டேன்

நெவாடாவில் டென்ட் அடித்த படம் ஒன்றை வாட்ஸாப்பில் போட்டால் போதும், "செம இடம்க்கா! லொகேஷன் அனுப்புங்க" என்று உடனே நாலு பேர் கேட்பார்கள். நான் அனுப்புவதில்லை. இதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. "அக்கா ஒரு மலையையே பட்டா போட்டுக்கிட்டாங்க" என்று எங்கள் சாக்ரமென்டோ நண்பர் வட்டத்தில் ஒரு கிண்டல் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கஞ்சத்தனம் இல்லை. அலபாமா ஹில்ஸுக்கு என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கிழக்கு கலிஃபோர்னியாவில் லோன் பைன் என்ற சிற்றூரை ஒட்டி, விட்னி சிகரத்தை அண்ணாந்து பார்த்தபடி, உருண்டைப் பாறைகள் குவிந்து கிடக்கும் நிலம் அது. பழைய கௌபாய் படங்கள் பலவற்றை அங்கேதான் எடுத்தார்கள். ஒரு காலத்தில் எந்தப் பாறைக்குப் பின்னால் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கலாம். இன்ஸ்டாகிராமில் அந்தப் பாறைகள் புகழ்பெற்ற பிறகு வண்டிகள் குவிந்தன, புதர்கள் மேல் புதுப்புதுத் தடங்கள் விழுந்தன, பாறை இடுக்கெல்லாம் டிஷ்யூ காகிதம். 2019-ல் அதைத் தேசிய இயற்கைக் காட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். இப்போது அனுமதிச் சீட்டு எடுத்து, குறித்துவிட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம். யூட்டாவில் மோவாபைச் சுற்றியும், அரிசோனாவில் செடோனாவைச் சுற்றியும் நடந்தது கிட்டத்தட்ட இதேதான்.

அதனால் இடத்தைச் சொல்வதில்லை. கண்டுபிடிக்கும் விதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இப்படி ஆளில்லாத நிலத்தில் இலவசமாகத் தங்குவது எப்படிச் சாத்தியம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலத்தின் பெரும்பகுதி கூட்டாட்சி அரசின் கையிலேயே தங்கிவிட்டது. 1862-ல் இருந்து குடியேறிகளுக்கு 160 ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்த பள்ளத்தாக்குகளை ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்குப் பத்து அங்குலம் மழை பெய்தாலே அதிகம் என்றிருக்கும் மேட்டு நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மிச்சம் கிடந்ததில் ஆடும் மாடும் மேய்ந்து புல்லே அற்றுப்போகும் நிலை வந்ததும், 1934-ல் மேய்ச்சலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டார்கள். 1946-ல் மேய்ச்சல் துறையையும் பழைய நில அலுவலகத்தையும் ஒன்றாக்கி உண்டானதுதான் பிஎல்எம் என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மைத் துறை. இன்று அதன் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது, அதாவது ஏழு தமிழ்நாட்டுக்கும் மேல். இது போக, தேசியக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபாரஸ்ட் சர்வீஸிடம் இன்னொரு 19 கோடி ஏக்கர். நெவாடா மாநிலத்தில் சுமார் 80 சதவீத நிலம் கூட்டாட்சி அரசுடையது.

இந்த நிலத்தின் பெரும்பகுதியில், தடை என்று தனியாகச் சொல்லாத இடங்களில், பணம் கட்டாமல், முன்பதிவு செய்யாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம். டிஸ்பெர்ஸ்ட் கேம்பிங் என்பார்கள். பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை. அப்புறம் இடம் மாற வேண்டும். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, மேசை கிடையாது, கேட்பாரும் கிடையாது. விசா, ஐ-94, கிரீன் கார்டு வரிசை என்று வாழ்க்கையே படிவங்களாக ஓடும் நம் ஆட்களுக்கு, எதையும் நிரப்பாமல் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வர ஒரு நிலம் இருக்கிறது என்பதையே முதலில் நம்ப முடிவதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. (கலிஃபோர்னியாவில் மட்டும் ஒரு படிவம் உண்டு. இந்த நிலங்களில் கேஸ் அடுப்பு பற்ற வைக்கவே ஒரு அனுமதி வேண்டும். இணையத்தில் இலவசம்.)

சரி, தேடலுக்கு வருவோம். முதல் வேலை, நிலம் யாருடையது என்று பார்ப்பது. கயா, ஆன்எக்ஸ் போன்ற ஆப்களில் நில உரிமையைக் காட்டும் அடுக்கு ஒன்று உண்டு. அச்சில் வரும் பிஎல்எம் வரைபடங்களிலும் அதே விஷயம் வண்ணங்களில் இருக்கும்: மஞ்சள் பிஎல்எம், பச்சை ஃபாரஸ்ட் சர்வீஸ், இளநீலம் மாநில அரசு, வெள்ளை தனியார். மஞ்சளும் பச்சையும் நமக்கு. வெள்ளையில் கால் வைக்கக் கூடாது. நீலத்தைப் பொது நிலம் என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறைய. அரிசோனாவின் மாநில அறக்கட்டளை நிலத்தில் தங்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

வடக்கு நெவாடாவில் 80-ம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இந்த வரைபடத்தைத் திறந்து பாருங்கள், சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். ஒரு மைல் சதுரம் மஞ்சள், அடுத்தது வெள்ளை, மறுபடி மஞ்சள். 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்குப் பணத்துக்குப் பதிலாக, தண்டவாளத்துக்கு இருபுறமும் 20 மைல் தூரத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுரங்களைக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு இன்னும் நிலத்தில் அப்படியே இருக்கிறது. வேலி இருக்காது, பலகை இருக்காது, எல்லாம் ஒரே சாம்பல் புதர்தான். எந்தச் சதுரத்தில் நிற்கிறோம் என்பதை ஜிபிஎஸ் மட்டும்தான் சொல்லும். அங்கே தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து. இன்னும் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் 50-ம் எண் சாலை வந்துவிடும். லைஃப் பத்திரிகை 1986-ல் அமெரிக்காவிலேயே தனிமையான சாலை என்று பெயர் வைத்த அதே சாலைதான். அதன் இரு பக்கமும் மலைத்தொடர், பள்ளத்தாக்கு, மலைத்தொடர், பள்ளத்தாக்கு என்று மாறி மாறி வரும். அங்கெல்லாம் மஞ்சளும் பச்சையும் விரித்துப் போட்டபடி கிடக்கும்.

பச்சைப் பகுதி என்றால் இன்னொரு வரைபடமும் வேண்டும். 2005-ல் வந்த விதியின்படி ஒவ்வொரு தேசியக் காடும் எந்தெந்தப் பாதையில் வண்டி போகலாம் என்று ஒரு மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் வெளியிட வேண்டும். கறுப்பு வெள்ளை, பார்க்கச் சகிக்காது. மலையின் ஏற்ற இறக்கம்கூட அதில் இருக்காது. ஆனால் ரேஞ்சர் வந்து கேட்டால் செல்லுபடியாவது அதுதான். அதில் சில பாதைகளின் இருபுறமும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். முகாம் போட அந்தப் பாதையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை, பல காடுகளில் 300 அடி வரை, வண்டியை இறக்கலாம் என்று அர்த்தம். புள்ளி இல்லாத பாதையில் ஓரமாக ஒதுக்கி நிறுத்த மட்டுமே முடியும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பாதை திறந்திருக்கும் என்பதும் ஓரத்து அட்டவணையில் இருக்கும். கூகுள் மேப்பில் பாதை தெரிகிறதே என்று போகிறவர்கள் பூட்டிய கேட்டின் முன்னால் நிற்பது இதைப் பார்க்காததால்தான்.

இதற்கு அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். வார நாள் ராத்திரிகளில், வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்கும்போது, நான் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மலையடிவாரமாகப் போய்க்கொண்டிருப்பேன். தேடுவது ஒன்றே ஒன்று: முக்கியப் பாதையிலிருந்து பிரியும் ஒரு கிளை, கொஞ்ச தூரம் போய் ஒரு சிறிய வெளிறிய வட்டத்தில் முடிய வேண்டும். வண்டிகள் திரும்பித் திரும்பி மண் தேய்ந்த இடம் அது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் யாரோ கல் வைத்து நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், அதாவது அங்கே தங்குகிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் தங்குவதுதான் முறையும்கூட. புதிதாகப் புதரை மிதித்து இடம் பண்ணக் கூடாது. இந்த வறண்ட மண்ணில் ஒரு டயர் தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும்.

வெளிறிய வட்டமெல்லாம் முகாம் இடம் ஆகிவிடாது. நாலா பக்கத்திலிருந்தும் மெல்லிய கோடுகள் வந்து சேர்ந்தால் அது மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி. அங்கே படுத்தால் ராத்திரி முழுக்க மாடுகள் நம்மை முறைத்துக்கொண்டு தாகத்தோடு நிற்கும். நீர்நிலையிலிருந்து 100 கஜத்துக்குள், விலங்குகள் தண்ணீருக்கு வர முடியாதபடி முகாம் போடுவது நெவாடாவில் சட்டப்படியே குற்றம். வட்டத்தின் விளிம்பில் மண் சரிந்து விசிறியாகப் பரவியிருந்தால் அது பழைய சுரங்கம். நெவாடாவில் கைவிட்ட சுரங்கங்கள் எங்கு பார்த்தாலும் இருக்கின்றன. மூடாத குழிகளும் அதில் நிறைய. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வட்டம் கிடைத்ததும் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டிப் பார்ப்பேன். வெவ்வேறு ஆண்டுப் படங்களில் அதே இடத்தில் ஒரு வெள்ளைச் செவ்வகம் நின்றால், அது டிரெய்லர். யாருக்கோ அது வாடிக்கையான இடம், விட்டுவிடுவேன். வட்டம் ரொம்பப் பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுவேன். நாலு வண்டி நிற்கிற இடத்தில் நாம் ஒருவராக நின்றால் இன்னும் மூன்று வண்டிக்கு அழைப்பு வைத்த மாதிரி. ஒரு வண்டி மட்டும் திரும்பக்கூடிய இடம்தான் நல்லது. கிளைப் பாதை அங்கேயே முடிந்துவிட வேண்டும், தாண்டி எங்கும் போகக் கூடாது. மலையேறும் ஒற்றையடிப் பாதை அங்கிருந்து தொடங்குகிறதா என்றும் பார்ப்பேன். தொடங்கினால் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கும்.

அப்புறம் உயரக் கோடுகள். ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அடியில் படுத்தவர் உறைந்துபோய் எழுவார், நானூறு ஐந்நூறு அடி மேலே படுத்தவர் அவ்வளவு குளிரில்லாமல் எழுவார். அதற்காக மலைப்பிளவின் வாயிலேயே போய்ப் படுக்கவும் கூடாது. மேலிருந்து இறங்கும் காற்று முழுக்க அந்த வழியாகத்தான் வரும், டென்ட்டின் துணி விடிய விடிய அடித்துக்கொண்டே இருக்கும். வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுச் சரிவில், பின்யான் என்ற குட்டைப் பைன் மரங்கள் தொடங்கும் உயரம்தான் எங்கள் தேர்வு. மத்திய நெவாடாவில் அது ஏறக்குறைய 6,000 அடிக்கு மேல். அதற்குக் கீழே நிழலே கிடையாது. இன்னும் மேலே போனால் ஆஸ்பன் தோப்புகள் வரும். அந்த மரங்களின் வெள்ளைப் பட்டையில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்து இடையர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பெண்களின் உருவங்களும் உண்டு. தனிமையில் ஒரு கோடை முழுக்க ஆட்டோடு இருந்தவன் வேறென்ன வரைவான்.

மணல் ஓடைகளில் மட்டும் எந்தக் காலத்திலும் தங்காதீர்கள். தட்டையாக, மெத்தென்று, காற்றுக்கு மறைவாக, தங்கக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். பத்து மைல் தள்ளி மலையில் பெய்த மழை, நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, அந்த வழியாக இறங்கி வரும். யூட்டா, அரிசோனா பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இது வெறும் எச்சரிக்கை அல்ல.

முகாம் இடங்களைக் குறித்துக் காட்டும் ஆப்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஐஓவர்லாண்டர், கேம்பெண்டியம் எல்லாவற்றையும் நானும் திறக்கிறேன், ஆனால் எங்கே போகக் கூடாது என்று தெரிந்துகொள்ள. ஒரு பள்ளத்தாக்கில் பத்துக் குறிகள் இருந்தால் அடுத்த பள்ளத்தாக்கைப் பார்ப்பேன். நிலமும் மரமும் வானமும் அதேதான், யாரும் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விமர்சனங்களில் ஒன்றை மட்டும் கவனமாகப் படிப்பேன்: பாதை எப்படி இருந்தது, எந்த மாதத்தில், எந்த வண்டியில். "என் செடான் வண்டியில் போய்விட்டேன்" என்று எழுதியிருந்தால் அங்கே கூட்டம் இருக்கும். தார்ச் சாலையிலிருந்து முதல் ஒரு மைலுக்குள் பெரிய டிரெய்லர்களும் ஜெனரேட்டர்களும் நிற்கும். ஐந்தாறு மைல் சரளைப் பாதையில் குலுங்கிப் போக மனமிருந்தால் கூட்டத்தில் பாதிக்கு மேல் கழன்றுவிடும்.

அதற்காக ஜீப் வாங்க ஓட வேண்டாம். எங்களுடையது சாதாரண சுபாருதான். நல்ல டயர், முழு அளவு ஸ்டெப்னி, காற்றடிக்கும் ஒரு சின்ன கம்ப்ரஸர், இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான பாதைகளுக்குப் போதும். சரளையில் இறங்கும்போது டயர் காற்றை 35-லிருந்து 25-க்குக் குறைத்தால் குலுக்கலும் குறையும், கல் குத்துவதும் குறையும். பயப்பட வேண்டியது மழைக்குத்தான். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் மாதிரி இருக்கும் களிமண் பாதை, ஒரு தூறல் விழுந்ததும் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை ஓரத்துக்கு இழுத்துவிடும். ஆல்-வீல் டிரைவ் எல்லாம் அதனிடம் பலிக்காது. வானிலை சந்தேகமாக இருந்தால் நாங்கள் சரளை போட்ட பாதையை விட்டு இறங்குவதே இல்லை. பெட்ரோலும் அப்படித்தான். 50-ம் எண் சாலையில் ஃபாலனுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே சுமார் 110 மைல். ஊர் வரும்போதெல்லாம் டேங்கை நிரப்பிவிட வேண்டும், பாதி இருக்கிறதே என்று கணக்குப் போடக் கூடாது.

ஒரு பகுதிக்கு எப்போதும் மூன்று இடமாவது குறித்துக்கொண்டு போவோம். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அங்கே இருக்க வேண்டும். முதல் இடத்தில் யாராவது இருந்தால் கையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். இத்தனை கோடி ஏக்கர் இருக்க, அடுத்தவர் பக்கத்தில் போய் நிறுத்துவது போன்ற அநாகரிகம் வேறில்லை. கிளைப் பாதையின் முனை வரை வண்டியை விடுவதற்கு முன் நான் இறங்கி நடந்து பார்ப்பேன், திரும்ப இடம் இருக்கிறதா என்று. வழியில் மாட்டு வேலியின் கேட் வந்தால், திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் தாண்டியதும் மூடிவிட்டுப் போக வேண்டும்.

அருப்புக்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு இதில் எதுவுமே சம்மதமில்லை. "யாருமே இல்லாத காட்டுல போய் எதுக்குடி படுக்கணும்? துப்பாக்கி வச்சிருக்கிற ஊரும்மா அது" என்பார். அந்தக் கேள்வியை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. பழுப்புத் தோல்காரர்கள் ஆள் அரவமற்ற இடத்தில் நிற்கும்போது, தூரத்தில் ஒரு பிக்கப் டிரக்கின் விளக்கு தெரிந்தால் வயிற்றில் ஏதோ பிசையத்தான் செய்கிறது. இதுவரை அந்த டிரக்குகளில் வந்தவர்கள் தொலைந்த கன்றைத் தேடும் மாட்டுப் பண்ணைக்காரர்கள்தான். பாதை காய்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இருந்தாலும் வண்டியின் மூக்கு எப்போதும் வெளியேறும் திசையைப் பார்த்தே நிற்கும், சாவி எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும், மனசு ஒப்பவில்லை என்றால் சமைத்ததை மூடி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் எந்தக் கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தோழியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவோம். சிக்னல் இருக்காது. சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வைத்திருக்கிறோம்.

சாப்பாட்டை அதிகம் யோசிக்க வேண்டாம், முதல் நாள் தயிர் சாதம், அப்புறம் புளியோதரை, கெடாது. தண்ணீரைத்தான் யோசிக்க வேண்டும். ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் என்பது இந்த ஊர்க் கணக்கு. நாம் அதற்கு மேல் கொண்டுபோக வேண்டும், ஏன் என்று உங்களுக்கே தெரியும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறேழு அங்குல ஆழத்தில் குழி. காகிதம் பாலைவனத்தில் மக்காது, அதைப் பையில் போட்டுத் திருப்பி எடுத்து வரச் சொல்கிறார்கள். ஒரு சொம்போடு போகிற நமக்கு அந்தப் பிரச்சினை பாதி குறைவு. இந்த ஒரு விஷயத்தில் நாம்தான் முன்னோடி. நெருப்பு நாங்கள் மூட்டுவதே இல்லை. கோடையில் பெரும்பாலும் தடை இருக்கும், தடை இல்லாதபோதும் காய்ந்த சீட்கிராஸ் புல்லுக்கு ஒரு பொறி போதும்.

2025 ஜூனில் இந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்க ஒரு முயற்சி நடந்தது. 11 மேற்கு மாநிலங்களில் இருபது முப்பது லட்சம் ஏக்கர் வரை விற்கலாம் என்று செனட்டில் ஒரு திட்டம் வந்தது. சுற்றுச்சூழல்காரர்கள் எதிர்ப்பார்கள் என்பது தெரிந்ததுதான். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும், அதுவும் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்கள், அதைவிடச் சத்தமாக எதிர்த்தார்கள். அந்த மாதமே அது கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு வேட்டைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

அவர்களுடைய காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மானுக்கும் எல்க் என்ற பெரிய மானுக்குமான வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில், பகுதிக்குப் பகுதி தேதி மாறும், மாநில வனவிலங்குத் துறை முன்கூட்டியே வெளியிட்டுவிடும். அந்த வாரங்களில், மற்ற நாளில் ஆளே இல்லாத கிளைப் பாதைகளின் முனைகளில்கூட ஒரு டிரெய்லர் நிற்கும். அவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்து வருகிறவர்கள், அப்பா காலத்திலிருந்து அதே மரத்தடிக்கு வருகிறவர்களும் உண்டு. அப்போது மலைக்குத்தான் போவேன் என்றால் அவர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் மலையை அவர்களுக்கு விட்டுவிட்டுத் தெற்கே, கள்ளிச்செடிகள் இருக்கும் தாழ்வான பாலைவனத்துப் பக்கம் போய்விடுகிறோம். அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கலாம்.